பூக்காத மேற்கு வரிசை

பொங்கலுக்கு மறுநாள் காலையில் மேற்கு வரிசை 3-ஆம் எண் பையிலிருந்து 11 ஸ்ட்ராபெர்ரிப் பழம் பறித்தேன். சமையலறைத் தராசில் 142 கிராம் காட்டியது. இதே பை போன வருடமும் அதற்கு முந்தைய வருடமும் குளிர்கால நடுவில் இலையும் ரன்னருமாக (நுனியில் குட்டிச்செடி விட்டு ஓடும் கொடித்தண்டு) தழைத்து நின்றதே தவிர, பூக்கவில்லை. அதே மாடியில், அதே மண்ணில், அதே தண்ணீரில் கிழக்கு வரிசை நவம்பர் முதல் மார்ச் வரை பூத்துக்கொண்டே இருந்தது. காரணம் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு பருவம் முழுசாகப் போயிற்று. மாடித்தோட்டத்தில் ஸ்ட்ராபெர்ரி வைத்து, "செடி நன்றாக இருக்கிறது, பூ மட்டும் இல்லை" என்று நிற்பவர்களுக்கு உதவும் என்பதால் நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

வீடு ஓசூரில். கடல் மட்டத்திலிருந்து சுமார் 880 மீட்டர் உயரம். கோடையில் பகல் 35 டிகிரியைத் தொடும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் என் தெர்மாமீட்டர் 14, 15 காட்டும். தரைத்தளம் மட்டும் உள்ள வீடு, மேலே மொட்டை மாடி. மேற்குப் பக்கம் தெரு, கிழக்குப் பக்கம் காலி மனை. மாடியின் இரண்டு ஓரத்திலும் இரண்டரை அடி உயரத்தில் இரும்பு ஸ்டாண்ட் அடித்து, ஒவ்வொன்றிலும் 12 குரோ பேக் வைத்தேன். கைப்பிடிச் சுவர் 3 அடி. அதனால் செடியின் தலை சுவருக்கு மேலே தெரியும். வெயிலும் காற்றும் நன்றாகக் கிடைக்கட்டும் என்றுதான் ஸ்டாண்டை அந்த உயரத்துக்குச் செய்யச் சொன்னேன். கதை முழுவதும் அந்த உயரத்தில்தான் இருக்கிறது.

நாற்று 2022 செப்டம்பர் கடைசியில் மகாராஷ்டிரத்தின் மகாபலேஷ்வர் பக்கமிருந்து கூரியரில் வந்தது. வின்டர் டான் ரகம், ஃபுளோரிடா பல்கலைக்கழகம் உருவாக்கியது. விற்றவர் "வருஷம் பூரா காய்க்கும்" என்று சொல்லித்தான் அனுப்பினார். உண்மையில் இது பகல் குறைவாக இருக்கும்போது மொட்டு வைக்கும் குறும்பகல் ரகம். அது எனக்கு அப்போது தெரியாது. ஒரு நாற்று 30 ரூபாய். வேரில் ஈரப் பாசி சுற்றி, மூன்று நாள் பயணத்துக்குப் பிறகும் எல்லாமே உயிரோடு வந்தன.

9-க்கு 9 அங்குலப் பை. கலவைக்கு 5 கிலோ தேங்காய் நார்க்கழிவுக் கட்டி இரண்டு, மண்புழு உரம் 30 கிலோ, மீதிக்குச் செம்மண். நார்க்கழிவை மூன்று தடவை ஊறவைத்துப் பிழிந்தேன்; முதல் தண்ணீர் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் இறங்கியது, மூன்றாவது ஓரளவு தெளிந்தது. நடும்போது கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: இலைக்காம்புகள் கூடும் அந்தக் கட்டையான குருத்துப் பகுதி மண்மட்டத்தில் இருக்க வேண்டும். உள்ளே புதைந்தால் அழுகும், மேலே தூக்கி நின்றால் வேர் காயும். கிழக்கு வரிசையில் இரண்டை ஒரு அங்குலம் ஆழமாக நட்டுவிட்டேன். பத்தாம் நாள் நடு இலை கையோடு வந்தது. பிடுங்கிப் பார்த்தால் குருத்து கொழகொழவென்று பழுப்பாக இருந்தது. அந்த இரண்டு பையிலும் பிற்பாடு ரன்னர் நாற்று வைத்து நிரப்பினேன்.

அக்டோபர் 2-ஆம் தேதி நட்டேன். 25-ஆம் தேதி முதல் பூ. இரண்டு வரிசையிலும் ஏறக்குறைய ஒரே நாளில் வந்தது. நட்டு மூன்றே வாரத்தில் பூ என்றதும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். மகள் பழைய வாட்டர் கலர் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு தினமும் காலை பத்து மணிக்கு மேலே போய் ஒவ்வொரு பூவின் நடுவிலும் சுற்றிச் சுற்றித் தடவிவிட்டு வருவாள். அவள் விடுமுறைக்குப் பாட்டி வீட்டுக்குப் போன நாட்களில் மலர்ந்த பூக்களெல்லாம் ஒரு பக்கம் வீங்கி மறுபக்கம் சுருங்கிய காயாயின. மகரந்தம் சேராத விதையைச் சுற்றியுள்ள சதை வளராது என்பதை அந்தக் காய்களில் கண்ணால் பார்த்தேன். அதன்பிறகு பிரஷ் வேலை என் பொறுப்பு.

டிசம்பர் முழுவதும் பழம். ஜனவரி 10 வாக்கில் மேற்கு வரிசை நின்றுபோயிற்று. கிழக்கு நிற்கவில்லை, புதுக் காம்பு விட்டுக்கொண்டே இருந்தது. மேற்கு வரிசையிலும் குருத்திலிருந்து ஏதோ முளைத்ததைப் பார்த்து, அடுத்த பூக்காம்பு என்று நினைத்துக் காத்திருந்தேன். ஒரு வாரத்தில் அது பைக்கு வெளியே அரையடி நீண்டு தொங்கியது. ரன்னர்.

இந்த இரண்டையும் சின்னதிலேயே பிரித்தறியக் கற்றுக்கொண்டது பின்னால் மிகவும் உதவியது. குருத்தின் பக்கத்தில் அரை அங்குலம் எட்டிப் பார்க்கும்போதே வித்தியாசம் தெரியும். ரன்னர் பென்சில் முனை போலக் கூராக, வழவழப்பாக, லேசான சிவப்போடு ஒற்றையாக வரும். வந்ததும் படுக்கையாகச் சாயும். பூக்காம்பு அதைவிடக் குட்டையாக, பூனை முடி போன்ற ரோமத்தோடு, நுனியில் பச்சை மணிகள் நெருக்கமாகக் கூடி உருண்டையாக இருக்கும். நடு மணி பெரியது. அதுதான் முதலில் மலரும், முதல் பழமும் அந்தக் காம்பின் பெரிய பழமும் அதுவாகவே இருக்கும். என்னிடம் அப்படி வந்த ஒரு பழம் 28 கிராம்.

மேற்கில் வந்தவை எல்லாம் பென்சில் முனைகள்தான். காரணம் தேட ஆரம்பித்தேன். இங்கேதான் வரிசையாகத் தவறு செய்தேன்.

முதலில் தழைச்சத்து அதிகம் என்று முடிவு கட்டினேன். 15 நாளுக்கு ஒரு தடவை கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து ஊற்றிக்கொண்டிருந்தேன். இலை கரும்பச்சையாக இருந்தது. ஆகவே சத்து இலைக்குப் போகிறது, பூவுக்குப் போகவில்லை என்று நினைத்தேன். மேற்கு வரிசைக்கு மட்டும் புண்ணாக்கை நிறுத்தினேன், லிட்டருக்கு 2 கிராம் வீதம் தழைச்சத்தே இல்லாத 0:0:50 பொட்டாஷ் உரம் கொடுத்தேன். நான்கு வாரம் ஆயிற்று. இலை கொஞ்சம் வெளிறியது. ரன்னர் வருவது நிற்கவில்லை. கிழக்கு வரிசையும் அதே புண்ணாக்கைக் குடித்துவிட்டுத்தான் பூத்துக்கொண்டிருந்தது என்பதை நான் யோசித்திருக்க வேண்டும்.

அடுத்தது மேற்கு வெயில். பிற்பகல் ஒரு மணிக்கு மேல் அந்த வரிசையில் வெயில் நேராக விழும், பை சுடும், அதனால் பூ வரவில்லை என்று தோன்றியது. இதில் கொஞ்சம் நியாயம் இருந்தது. மாலை 3 மணிக்குப் பை மண்ணில் தெர்மாமீட்டரைச் செருகினால் கிழக்கில் 26, மேற்கில் 30. சரி என்று 50 சதவீதப் பச்சை நிழல்வலையைக் கட்டினேன். மண் 27-க்கு இறங்கியது. இலைக்காம்பு நீண்டு செடி தொளதொளவென்று ஆயிற்று. பூ வரவில்லை. அதற்குள் மார்ச் வந்து, இலைக்கு அடியில் செம்பேன் ஏறி, இரண்டு வரிசையும் ஓய்ந்துவிட்டன. அந்தப் பருவத்தில் கிழக்கு 1,740 கிராம். மேற்கு 610 கிராம், அதிலும் 520 கிராம் ஜனவரி 10-க்கு முன்னால் வந்தது.

இன்னொரு புதிர் ஆகஸ்டில் வந்தது. ஏப்ரல், மே முழுக்க ஒரு பூகூட இல்லாமல் கிடந்த கிழக்கு வரிசை, 2023 ஆகஸ்ட் முதல் வாரத்தில் திடீரென்று பூத்தது. எண்ணிப் பார்த்தேன், ஒன்பது பையில் 22 பூ. நான் படித்து வைத்திருந்த அட்டவணை எதிலும் ஆகஸ்ட் பூ கிடையாது. மகாபலேஷ்வர் கணக்கில் செப்டம்பர், அக்டோபரில் நட்டு டிசம்பர் முதல் மார்ச் வரை பறிப்பார்கள். இங்கிலாந்துக் கணக்கில் இலையுதிர்காலத்தில் மொட்டு உருவாகி, பனிக்காலம் முழுக்கத் தூங்கி, மே மாதம் பூத்து, ஜூனில் பழுக்கும். அங்கே ஜூனில் பகல் பதினாறரை மணி நேரத்துக்கு மேல் நீள்வதால் குறும்பகல் ரகம் அப்போது புது மொட்டு வைக்காது. அந்தக் கணக்கைத்தான் நான் ஓசூருக்குப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓசூரில் ஜூன் 21-ஆம் தேதிகூடப் பகல் ஏறக்குறைய 12 மணி 50 நிமிடம்தான். டிசம்பரில் 11 மணி 20 நிமிடம். அதாவது இந்தச் செடியைப் பொறுத்தவரை நம் ஊரில் வருடம் முழுவதும் குறும்பகல்தான். கோடையில் பூவை நிறுத்துவது சூடு. ஜூன் கடைசியில் தென்மேற்குக் காற்று வந்து பகல் 28-க்கும் இரவு 19, 20-க்கும் இறங்கியதும் செடி மொட்டு வைத்துவிட்டது. ஐந்தாறு வாரம் கழித்து அந்த மொட்டு வெளியே தெரிந்தது, அவ்வளவுதான்.

அந்த ஆகஸ்ட் பூக்களை ஆசைப்பட்டு விட்டுவைத்தேன். தூறலில் மகரந்தம் நனைந்து கட்டியது, தேனீ வரவில்லை, பிரஷ்ஷாலும் பலன் இல்லை. 22 பூவில் 13 காய் நின்றது, அதில் 6 பழத்தில் சாம்பல் பூசணம். மீதி 7 பழம் 41 கிராம். புளிப்பு, தண்ணீர்ச் சுவை. இரவும் சூடாக இருந்து, மேகமூட்டமும் சேர்ந்தால் பழத்தில் இனிப்பு ஏறாது. அடுத்த வருடம் ஆகஸ்ட் பூ அத்தனையையும் விரல் நகத்தால் கிள்ளிவிட்டேன்.

மேற்கு வரிசையில் ஆகஸ்டிலும் ஒரு பூ இல்லை. மூன்று ரன்னர் இருந்தது. அந்தக் குறிப்பு நோட்டில் அப்படியே கிடந்தது. நான் அதை மேற்கொண்டு யோசிக்கவில்லை.

2023 செப்டம்பரில் பழைய செடிகளை எடுத்துவிட்டு, ரன்னரில் வேர் பிடித்த குட்டிகளை வைத்தேன். ரன்னர் அதிகம் கிடைத்தது மேற்கிலிருந்துதான் என்பதால் மேற்கு வரிசைக்கு அதன் குட்டிகளே போயின. நவம்பர் வந்தது. கிழக்கில் பூ. மேற்கில் போன வருடம் வந்த அந்த முதல் சுற்றுப் பூகூட இந்தத் தடவை இல்லை. அப்போதுதான் ஒரு விஷயம் புரிந்தது: போன வருட முதல் சுற்று என் மாடியில் உருவானதே இல்லை. மகாபலேஷ்வரிலேயே குருத்துக்குள் மொட்டு வைத்துத்தான் நாற்று கூரியரில் ஏறியிருக்கிறது. நட்டு மூன்று வாரத்தில் வரும் பூவைப் பார்த்து, நம் இடம் செடிக்கு ஒத்துக்கொண்டது என்று முடிவு செய்யக் கூடாது. நான் அப்படி முடிவு செய்ததால்தான் இடத்தைச் சந்தேகிக்காமல் உரத்தையே நோண்டிக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 25-ஆம் தேதி மேற்கு ஸ்டாண்டின் நடுக்கால் துருப்பிடித்து மடங்கியது. 5-ஆம், 6-ஆம் பைகளைக் கீழே இறக்கி, கைப்பிடிச் சுவரை ஒட்டித் தரையில் வைத்தேன். வெல்டிங்காரர் வர நாளாயிற்று, நானும் அப்படியே விட்டுவிட்டேன். ஜனவரி நடுவில் பார்த்தால் அந்த இரண்டு பையிலும் ரோமம் போர்த்திய பச்சை மணிகள். பக்கத்தில், ஸ்டாண்டின் மேலேயே இருந்த 4-லும் 7-லும் ஒன்றும் இல்லை. தரையில் காற்று குறைவு, அதனால் என்று நினைத்தேன். இதுவும் தவறு.

பதில் கிடைத்தது ஒரு ராத்திரி ஒன்பது மணிக்கு. தண்ணீர்த் தொட்டியின் மிதவை வால்வு பழுதாகி மாடியெல்லாம் தண்ணீர் ஓடியது. பக்கத்து வீட்டுத் தம்பி உதவிக்கு வந்தார். ரோஜாப் பண்ணையில் பசுமைக்குடில் வேலை பார்ப்பவர். வால்வை மாற்றிவிட்டு நிமிர்ந்தவர் டார்ச்சை அணைத்தார். அணைத்த பிறகும் என் நோட்டு எழுத்து அவருக்குத் தெரிந்தது.

"அண்ணா, இந்த லைட்டு எப்பவும் இப்படித்தான் விழுமா?" என்று கேட்டார்.

"ஆமாம், தெருவிளக்கு. விடியும்வரை எரியும். ஏன்?"

"எங்க பக்கம் சாமந்தித் தோட்டத்துல பல்பு கட்டி வெச்சிருப்பாங்களே, பார்த்ததில்லையா? ராத்திரி வெளிச்சம் இருந்தா சாமந்தி மொட்டு வைக்காது, தண்டு வளரும். வேணும்கிற உயரம் வந்ததும் லைட்டை நிறுத்துவாங்க, அப்புறம்தான் பூவுக்குத் திரும்பும். உங்க செடியும் அந்த மாதிரியோ என்னவோ."

பாகலூர் ரோட்டில் போகும்போது இரவில் வயலுக்கு நடுவே வரிசையாக பல்பு எரிவதை நூறு தடவை பார்த்திருக்கிறேன். பூச்சிக்காக என்று நினைத்திருந்தேன். சாமந்தி போலவே என் ஸ்ட்ராபெர்ரியும் பகலை அளப்பதில்லை, இடைவிடாத இருட்டை அளக்கிறது. நீண்ட இருட்டு வேண்டிய செடிக்கு நான் ஸ்டாண்ட் போட்டு விளக்குக்கு நேராகத் தூக்கிக் கொடுத்திருக்கிறேன். கிழக்குப் பக்கம் காலி மனை, இருட்டு. கீழே இறக்கிய இரண்டு பையும் கைப்பிடிச் சுவரின் நிழலில் நின்றன.

மறுநாள் ராத்திரி கைபேசியில் வெளிச்சத்தை லக்ஸ் கணக்கில் அளக்கும் செயலியை இறக்கி, ஒவ்வொரு பையிலும் இலை மட்டத்தில் கைபேசியைப் படுக்கவைத்து அளந்தேன். விளக்கு 3-ஆம் பைக்கு நேர் எதிரே, சுவரிலிருந்து 12 அடி தள்ளி, செடியைவிட 8 அடி உயரத்தில் இருக்கிறது. 3-ஆம் பையில் 38 லக்ஸ். 1-இல் 33. 7-இல் 21. 10-இல் 11. 12-ஆம் பை படிக்கட்டு அறைச் சுவரின் மறைவில் இருப்பதால் 2. தரையில் வைத்த 5-லும் 6-லும் 1. கிழக்கு வரிசை முழுவதும் 1 அல்லது அதற்கும் கீழே. பிறகு நோட்டைத் திருப்பினேன். அந்தப் பருவத்தில் மேற்கு வரிசையில் பூத்திருந்தவை 12, 11, அப்புறம் தரையில் இருந்த 5, 6. எண்களை ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தபோது கை நடுங்கியது என்றே சொல்லலாம். இரண்டு வருடம் இந்தத் தாள் என்னிடம் இருந்திருக்கிறது, பாதி மட்டும் எழுதப்பட்டு.

உடனே சோதித்துப் பார்க்க ஆசை. 1 முதல் 4 வரையிலான பைகளுக்கு மாலை ஆறரைக்குக் கறுப்புத் துணி போர்த்தி, காலை ஆறு மணிக்கு எடுத்தேன். இது சரிப்படவில்லை. துணி இலைமேல் ஒட்டியது. விடியற்காலையில் உள்ளே வியர்த்துச் சொட்டியது. இரண்டு வாரத்தில் நடு இலைகளில் புள்ளி விழுந்தது. வாரத்தில் ஒரு நாளாவது போர்த்த மறந்தேன். அதற்குள் பிப்ரவரி வெயிலும் ஏறிவிட்டது. மார்ச் நடுவில் 2-ஆம் பையில் ஒரே ஒரு காம்பு, நான்கு பூ. அந்தப் பருவத்தின் மொத்தக் கணக்கு: கிழக்கு 1,980 கிராம், மேற்கு 190.

வெளிச்சத்தை விளக்குக்கும் செடிக்கும் நடுவிலேயே மறிப்பதுதான் வழி என்று தெரிந்தது. விளக்கைத் தொட முடியாது. தெருவில் நடப்பவர்களுக்கு அது வேண்டும், எங்களுக்கும் வேண்டும்.

2024 ஜூலையில் முதல் தடுப்பு: முக்கால் அங்குல பிவிசி குழாயில் 16 அடி நீளம், 4 அடி உயரத்தில் சட்டம் செய்து, 75 சதவீதக் கறுப்பு நிழல்வலையை இரண்டு மடிப்பாகக் கட்டினேன். அளந்தால் 3-ஆம் பையில் இன்னும் 4 லக்ஸ். நிழல்வலை வெயிலுக்குத்தான், இருட்டுக்கு உதவாது. எட்டாம் நாள் ஆடிக்காற்றில் மூலை எல்போக்கள் இரண்டும் கழன்று சட்டம் மாடி நடுவில் விழுந்தது. நல்ல வேளையாகத் தெருப் பக்கம் விழவில்லை. ஓசூரில் ஆடி மாதம் மாடியில் எதையும் சட்டத்தில் நிறுத்தக் கூடாது.

இரண்டாவதை ஜன்னல் திரை மாதிரி செய்தேன். படிக்கட்டு அறைச் சுவரில் ஒரு கொக்கி. தென்மேற்கு மூலையில் கைப்பிடிச் சுவரோடு போல்ட் போட்டு ஒரு இரும்பு ஆங்கிள். இரண்டுக்கும் நடுவில் இறுக்கித் திருப்பும் டர்ன்பக்கிள் வைத்து எஃகுக் கம்பிக் கயிறு. அதில் வளையங்கள். திரைக்கு, பிரிண்டிங் கடையில் பின்பக்கம் கறுப்பாக வரும் பழைய பிளக்ஸ் வாங்கினேன், 200 ரூபாய். சாதா பிளக்ஸ் வாங்காதீர்கள். விளக்குக்கு எதிரே பிடித்தால் எழுத்தே படிக்கலாம், அவ்வளவு வெளிச்சம் ஊடுருவும். கறுப்பு முதுகு உள்ளதில் ஒன்றும் வராது. மேல் ஓரத்தில் 14 இடத்தில் உலோக வளையம் அடிக்கச் சொன்னேன். கீழ் ஓரத்தை மடித்துத் தைத்து, உடைந்த பிவிசி குழாயில் மணல் அடைத்து இரு முனையும் மூடி உள்ளே செருகினேன். இப்போது காற்றில் திரை அசையும், தூக்காது. கறுப்புப் பக்கம் தெருவை நோக்கி, வெள்ளைப் பக்கம் செடியை நோக்கி. மாலை ஆறரைக்கு இழுத்து மூடுவேன், காலை ஆறு மணிக்கு ஒரு ஓரமாகத் தள்ளிவிடுவேன். அரை நிமிட வேலை. மூடியபின் 3-ஆம் பையில் செயலி 0 காட்டியது. 1-ஆம் பையில் மட்டும் ஓர இடுக்கு வழியாக 3. அங்கே ஒரு கோணிப்பையைத் தொங்கவிட்டேன்.

செப்டம்பர் 1 முதல் ஒரு இரவும் விடாமல் மூடினேன். ஆனால் பூ வரும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லை. அக்டோபர் 12-ஆம் தேதி, 4-ஆம் பையில் இருந்த இரண்டு செடியில் ஒன்றைப் பிடுங்கி, இலைகளை ஒவ்வொன்றாக உரித்து, குருத்தைப் புது பிளேடால் நீளவாக்கில் இரண்டாக அறுத்தேன். நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைக்கும் பத்து மடங்கு லென்ஸ் 150 ரூபாய்க்கு வாங்கி வைத்திருந்தேன். குருத்தின் உள் சதை வெளிர்ப் பச்சையாக, நடுவில் முட்டைக்கோசை அறுத்தது போல இலை மடிப்புகள். உச்சியில் குண்டூசித் தலையில் பாதி அளவுக்கு ஒரு மேடு. அதன் விளிம்பில் ஐந்து நுண்ணிய பற்கள், உள்நோக்கி வளைந்து. புல்லிவட்டம். நடுவில் சர்க்கரை தூவியது போலச் சின்னச் சின்னப் புள்ளிகள். ஒரு முழுப் பூ, அந்த அளவில், ஒரு சொட்டு வெளிச்சம் படாத இடத்தில் தயாராக இருந்தது. மனைவியையும் மகளையும் கூப்பிட்டுக் காட்டினேன். மகள் லென்ஸைத் திருப்பித் தரவே இல்லை.

அக்டோபர் 29-இல் மேற்கு வரிசையின் முதல் காம்பு 9-ஆம் பையில் வந்தது. நவம்பர் 8-க்குள் பன்னிரண்டு பையிலும் காம்பு இருந்தது.

நடுவில் ஒரு தடங்கல். நவம்பர் 10 முதல் 19 வரை ஒரு கல்யாணத்துக்காகத் திருநெல்வேலி போயிருந்தோம். தண்ணீர் ஊற்றப் பக்கத்து வீட்டில் சொல்லியிருந்தேன்; திரையைச் சொல்ல மறந்துவிட்டேன். பத்து இரவு திறந்து கிடந்தது. செடிகள் அப்போது பூவும் காயுமாகத்தான் இருந்தன, ஒரு மாற்றமும் தெரியவில்லை. டிசம்பர் கடைசி வாரத்தில் 1 முதல் 6 வரை புதுக் காம்பே வரவில்லை, 2-லும் 3-லும் ரன்னர் எட்டிப் பார்த்தது. 11-லும் 12-லும் இடைவெளி இல்லை. இன்றைக்குச் செய்யும் தவறு ஐந்தாறு வாரம் கழித்துத்தான் கண்ணில் படும் என்பதால் நோட்டில் தேதி போட்டு எழுதுவது இந்தச் செடிக்கு உரத்தைவிட முக்கியம்.

பிப்ரவரி 20 வரை கிழக்கு 1,610 கிராம், மேற்கு 1,480 கிராம். பொங்கல் பழம் 3-ஆம் பையில் திருநெல்வேலிக்கு முன்பே வைத்த மொட்டுகளிலிருந்து வந்தது. ஆகஸ்ட் பூக்களைக் கிள்ளியதால் கிழக்கு நவம்பரில் போன வருடத்தைவிடப் பத்து நாள் முன்னால் தொடங்கியது.

செலவு. நாற்று 720, கூரியர் 250, பைகள் 480, நார்க்கழிவு 360, மண்புழு உரம் 360, இரண்டு ஸ்டாண்ட் 5,600. ஆக 7,770 ரூபாய். திரைக்கு பிளக்ஸ் 200, வளையம் அடிக்க 140, கம்பிக் கயிறும் டர்ன்பக்கிளும் 380, ஆங்கிளும் வெல்டிங்கும் 650, தொங்கும் வளையங்கள் 90. ஆக 1,460. உடைந்த பிவிசி சட்டத்துக்குப் போன 720-ஐயும் சேர்த்தால் 2,180. பழத்தின் விலையை வைத்துப் பார்த்தால் இது கட்டுப்படியாகாது. நான் விலைக்காக வளர்க்கவில்லை.

மறுபடி முதலிலிருந்து செய்வதானால் மேற்கு ஸ்டாண்டைச் செய்யவே மாட்டேன். பைகளைச் சுவரை ஒட்டி இரண்டு செங்கல் உயரத்தில் வைப்பேன்; சுவரே இருட்டைக் கொடுக்கும். பிற்பகல் வெயில் இரண்டு மணி நேரம் குறையும். 5-லும் 6-லும் அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. இடம் தேர்ந்தெடுக்கும் முன்னால் ராத்திரி பத்து மணிக்கு மாடி ஏறி, ஒரு செய்தித்தாளை விரித்துப் படிக்க முடிகிறதா என்று பார்ப்பேன். தலைப்பு எழுத்து தெரிந்தாலே அந்த இடம் வேண்டாம். வீட்டு வராந்தா விளக்கு, பக்கத்து வீட்டு கேட் விளக்கு, காவலுக்கு எரியும் எல்இடி எதுவானாலும் இதே கதைதான். குட்டிகளையும் இனிமேல் கிழக்கு வரிசையிலிருந்தே எடுப்பேன்.

குன்னூர், கொடைக்கானல் போன்ற இடங்களில் இரவு 10 டிகிரிக்குப் போய்விடுவதால் விளக்கு இவ்வளவு தொந்தரவு செய்யாது. நல்ல குளிரில் குறும்பகல் ரகம் வெளிச்சத்தைப் பொருட்படுத்தாமல் மொட்டு வைத்துவிடும். இங்கேயே 2024 ஜனவரியில் தொடர்ந்து ஐந்து இரவு 12, 13 டிகிரி வந்தது. அதற்கு ஆறு வாரம் கழித்து, திரையும் துணியும் இல்லாமல் முழு வெளிச்சத்தில் நின்ற 7-ஆம் பை ஒரே ஒரு காம்பு விட்டது. சமவெளிக்கும் மலைக்கும் நடுவில் இருக்கும் ஓசூர், பெங்களூர் மாதிரி ஊர்களில்தான் இந்த விளக்கு விஷயத்தைக் கவனிக்க வேண்டும்.

இந்த வாரம் நான்கு ஆல்பியான் நாற்று வந்திருக்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழக ரகம், பகல் நீளத்தைப் பார்க்காதது. இரண்டைத் திரைக்கு உள்ளேயும் இரண்டைத் திரைக்கு வெளியே, 3-ஆம் பைக்குப் பக்கத்தில் சுவர்மேலும் வைத்திருக்கிறேன். பைகளில் சாக்பீஸால் தேதியும் லக்ஸும் எழுதியாயிற்று: 0, 0, 36, 37.